டெராபைட்டின் விலை: எந்தப் படியால் அளப்பது?

நெல்லைப் படியில் தலைதட்டி அளப்பதா, கும்பமாகக் குவித்து அளப்பதா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளாமல் விலையை மட்டும் பேசி முடித்தால், களத்துமேட்டில் தகராறு வராமல் இருக்காது. நிறுவனங்களின் தரவு மையங்களுக்கு, தரவை ஃபிளாஷ் சில்லுகளில் மட்டுமே வைக்கும் முழு ஃபிளாஷ் சேமிப்பகம் வாங்கும்போதும் நிலைமை ஏறக்குறைய இதுதான். "500 டெராபைட்" என்று குறிப்பிட்டு மூவர் தரும் மூன்று விலைப்புள்ளிகளில், முதலாவது சேமிப்பகப் பெட்டிக்குள் செருகப்படும் எஸ்எஸ்டிகளின், அதாவது ஃபிளாஷ் சில்லுகளாலான வட்டுகளின், மொத்தக் கொள்ளளவாகவும், இரண்டாவது பாதுகாப்புக்கான ஒதுக்கீடுகள் போக எஞ்சும் இடமாகவும், மூன்றாவது தரவைச் சுருக்கி எழுதினால் இவ்வளவு அடங்கும் என்று விற்பவர் கணிக்கும் அளவாகவும் இருக்கலாம். இதை வெறும் விற்பனைத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. தந்திரம் ஓரளவு உண்டுதான். ஆனால் குழப்பத்தின் வேர் ஃபிளாஷ் நினைவகம் இயங்கும் விதத்திலேயே இருக்கிறது.

ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தின் நாண்ட் வகையே இன்றைய எஸ்எஸ்டிகளுக்கு அடிப்படை. அதன் ஒவ்வொரு செல்லிலும் மின்காப்புப் படலத்தால் சூழப்பட்ட ஒரு சிறு பகுதி உள்ளது. அதற்குள் எலக்ட்ரான்களைச் செலுத்திச் சிறைவைத்தால், மின்சாரம் நின்ற பின்னும் அவை அங்கேயே தங்கும். சிறைப்பட்ட மின்னூட்டத்தின் அளவை அறிவதே படித்தல். செல் நிரம்பியிருக்கிறதா, காலியா என்று மட்டும் பார்த்தால் ஒரு பிட் கிடைக்கும். 4 நிலைகளைப் பிரித்தறிந்தால் 2 பிட், 8 நிலைகளுக்கு 3 பிட், 16 நிலைகளுக்கு 4 பிட். ஒரு பிட் கூடும்போதெல்லாம் நிலைகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகி, அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி சுருங்குகிறது. அதே சிலிக்கானில் அதிகத் தரவு அடங்குவதால் விலை குறைகிறது. ஆனால் ஒவ்வொரு அழித்தெழுதுதலும் மின்காப்புப் படலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ப்பதால், நெருக்கமான நிலைகளைப் பிரித்தறியும் திறன் விரைவில் மங்கிவிடுகிறது. ஒரு பிட் செல் ஏறத்தாழ 1,00,000 முறை அழித்தெழுதுவதைத் தாங்கும் என்றால், 3 பிட் செல்லுக்குச் சில ஆயிரம் முறைதான். 4 பிட் செல்லுக்கு ஏறத்தாழ ஓராயிரம்.

எழுதும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபிளாஷில் பழைய தரவின் மேலேயே புதியதை எழுத முடியாது. எழுதுவது சில கிலோபைட் அளவுள்ள பக்கங்களாக. அழிப்பதோ பல மெகாபைட் அளவுள்ள தொகுதிகளாக. ஆகவே ஒரு சிறு திருத்தத்தைக்கூட வேறொரு காலிப் பக்கத்தில்தான் எழுத வேண்டும். பிறகு, இன்னும் தேவைப்படும் பக்கங்களைத் திரட்டி வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுப் பழைய தொகுதியை முழுவதுமாகத் துடைக்க வேண்டும். பயனர் எழுதியதைவிடக் கூடுதலாக எஸ்எஸ்டி தனக்குள் எழுதிக்கொள்வது இதனால்தான். இந்த நகர்த்தலுக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே வெளியில் காட்டாத உபரிச் செல்களை உற்பத்தியாளர்கள் உள்ளே வைக்கிறார்கள். நிறுவனங்களுக்கான எஸ்எஸ்டியில் இந்த உபரி தாராளமாக இருக்கும். திடீரென்று மின்சாரம் நின்றால் கைவசம் உள்ளதை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்தேக்கிகளும் இருக்கும். மடிக்கணினி எஸ்எஸ்டியின் விலையோடு ஒப்பிட்டு "ஏன் இத்தனை மடங்கு?" என்று கேட்பவர்களுக்குப் பதிலின் ஒரு பகுதி இது. மறுபகுதி ஆயுள் உத்தரவாதம். நாளொன்றுக்கு ஒருமுறை முழுக் கொள்ளளவையும் எழுதலாம், ஐந்தாண்டு தாங்கும் என்ற உறுதியுடன் வரும் 15.36 டெராபைட் எஸ்எஸ்டி, தன் காலத்தில் 28,032 டெராபைட் எழுத்தைத் தாங்கியாக வேண்டும்.

இவ்வளவு விலையுள்ள ஊடகம் சுழலும் ஹார்ட் டிஸ்குடன் எப்படிப் போட்டியிட்டது? ஹார்ட் டிஸ்க் செய்ய முடியாத ஒன்றைச் செய்து. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி எடுக்கிறது. தேடும் இடம் தட்டைப் படிக்கும் தலைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அதில் பாதி, அதாவது 4 மில்லிநொடிக்கும் சற்று மேல், காத்திருக்க வேண்டும். தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கும் இங்கும் சிதறிய தரவுத் துண்டுகளை நொடிக்கு நூறு முறை படிப்பதே பெரும்பாடு. ஃபிளாஷில் நகரும் பாகம் எதுவும் இல்லாததால், சிதறிய துண்டுகளையும் ஏறத்தாழ 100 மைக்ரோநொடியில் எடுத்துவிடலாம்.

இந்த வேறுபாடுதான் விலைக்கணக்கையே தலைகீழாக்கியது. வரும் தரவைச் சில கிலோபைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணித்து, அதே துண்டு முன்பே எழுதப்பட்டிருந்தால் மறுபடி எழுதாமல் பழையதைச் சுட்டிக்காட்டினால் போதும் என்பது இரட்டிப்பு நீக்கம் என்ற உத்தி. ஒரே இயங்குதளத்திலிருந்து நகலெடுத்த நூறு மெய்நிகர் கணினிகளை (சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் கணினிகளை) வைத்திருக்கும் நிறுவனத்தில் இதனால் இடம் பெருமளவு மிச்சமாகும். ஆனால் ஒரு கோப்பின் துண்டுகள் பெட்டியெங்கும் சிதறிப்போகும். அன்றாட வேலைக்கான தரவை ஹார்ட் டிஸ்கில் இப்படி வைத்தால் படிக்கும்போது வேகம் படுத்துவிடும். ஃபிளாஷில் சிதறல் ஒரு பொருட்டே அல்ல. அத்துடன், எழுதும் அளவு குறைவதால் செல்களின் தேய்மானமும் குறைகிறது. 2009-இல் தொடங்கப்பட்ட ப்யூர் ஸ்டோரேஜ், 2012-இல் இஎம்சி விலைக்கு வாங்கிய எக்ஸ்ட்ரீம்ஐஓ போன்ற சேமிப்பக நிறுவனங்கள் இந்த உத்தியைப் பெட்டியின் மையத்திலேயே வைத்தன. அன்றிலிருந்து விலை பேசப்படுவது சில்லில் உள்ள டெராபைட்டுக்கு அல்ல, சுருக்கிய பின் அடங்கும் டெராபைட்டுக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15.36 டெராபைட் எஸ்எஸ்டிகள் 24 உள்ள பெட்டியின் மூலக் கொள்ளளவு 368.64 டெராபைட். உற்பத்தியாளர் இதைப் பத்தின் மடங்குகளில் எண்ணுகிறார். சேமிப்பக மென்பொருளோ பெரும்பாலும் இரண்டின் மடங்குகளில் எண்ணும். அந்த அளவான டெபிபைட்டுக்கு மாற்றினாலே இது 335 ஆகக் குறைந்துவிடும். இரண்டு எஸ்எஸ்டிகள் ஒரே நேரத்தில் பழுதானாலும் தரவு தப்பிப்பதற்காக இரண்டின் அளவும், மாற்றுக்காக ஒன்றின் அளவும் ஒதுக்கினால் 293. நிர்வாகத் தகவல்களுக்கும் உள்வேலைக்கும் பத்தில் ஒரு பங்கு போனால் 264. தலைதட்டிய படி இதுதான். நான்குக்கு ஒன்று சுருங்கும் என்று வைத்தால் 1,056 டெபிபைட். ஒன்றரைக்கு ஒன்று என்றால் 396. கணக்கு எளிதாக இருக்கப் பெட்டியின் விலையை 1 கோடி ரூபாய் என்று கொண்டால், முதல் நிலையில் ஒரு டெபிபைட்டுக்கு ஏறத்தாழ 9,470 ரூபாய். இரண்டாவதில் 25,250 ரூபாய். தரவு சுருங்கவே இல்லை என்றால் 37,880 ரூபாய். பெட்டி ஒன்றுதான், உள்ளே ஒரு திருகாணிகூட மாறவில்லை.

எவ்வளவு சுருங்கும் என்பதை முடிவு செய்வது பெட்டி அல்ல, தரவு. 1948-இல் கிளாட் ஷானன் வகுத்த தகவல் கோட்பாட்டின்படி, இழப்பின்றிச் சுருக்குவதற்கு ஒரு கீழ் எல்லை உண்டு. தரவில் திரும்பத் திரும்ப வருவது எவ்வளவோ அவ்வளவைத்தான் களைய முடியும். தரவுத்தள அட்டவணைகளிலும் மெய்நிகர் கணினிகளிலும் அது நிறைய உண்டு. ஏற்கெனவே சுருக்கப்பட்ட காணொளியிலும் படங்களிலும் ஏறக்குறைய எதுவும் மிஞ்சியிருக்காது. சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றும் மறையாக்கம், நல்லதாக இருந்தால், அதைத் தற்செயல் எண்களைப் போல ஆக்கிவிடுவதால் சுருக்கத்துக்கு இடமே தராது. பயன்பாட்டு மென்பொருளிலேயே மறையாக்கத்தை இயக்கச் சொல்லிப் பாதுகாப்புப் பிரிவு ஒருநாள் உத்தரவிட்டால், அதுவரை நான்குக்கு ஒன்றாக இருந்த சேமிப்பகம் ஒன்றுக்கு ஒன்றாகிவிடும். அந்த உத்தரவின் செலவு எந்தக் கோப்பிலும் பதிவாகாது.

இந்த இடர்ப்பாட்டை யார் சுமப்பது என்ற கேள்விக்குப் பதிலாக வந்தவையே சுருக்க உத்தரவாதங்கள். டெல் நிறுவனம் தன் பவர்ஸ்டோர் சேமிப்பக வரிசைக்கு முதலில் நான்குக்கு ஒன்று என்றும், 2024-இல் ஐந்துக்கு ஒன்று என்றும் உறுதியளித்தது. உறுதியளித்த அளவு கிடைக்காவிட்டால் குறையும் இடத்துக்கு எஸ்எஸ்டிகளைக் கூடுதலாகத் தருவதே இத்தகைய உத்தரவாதங்களின் வழக்கம். ஆனால் சுருங்கத்தக்க தரவுக்கே இது பொருந்தும் என்ற வரி அடியில் இருக்கும். காணொளியும் மறையாக்கத் தரவும் அங்கே விலக்கப்பட்டிருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 10 டெராபைட் ஒதுக்கிக்கொண்டு 1 டெராபைட் மட்டுமே எழுதியவரின் காலி இடத்தையும், ஒரு நொடியின் நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்களையும் சேர்த்து எண்ணினால், எந்தப் பெட்டியும் இருபதுக்கு ஒன்று என்று பெருமையடித்துக்கொள்ளலாம். அதைக் கும்பப்படி என்றுகூடச் சொல்ல முடியாது, காற்றை அளப்பது.

உரிமத்தின் கதை இதற்கு இணையாக ஓடுகிறது. முன்பு பெட்டிக்கு ஒரு விலை, அதில் ஓடும் மென்பொருளின் ஒவ்வொரு வசதிக்கும் தனி விலை. நெட்ஆப் நிறுவனத்தின் ஆன்டாப் மென்பொருளில் சர்வர்கள் பெட்டியை அணுகப் பயன்படுத்தும் என்எஃப்எஸ், ஐஸ்கஸி போன்ற ஒவ்வொரு நெறிமுறைக்கும், தொலைவிலுள்ள மையத்துக்கு நகலெடுப்பதற்கும் தனித்தனி உரிமச் சாவிகள் இருந்தன. வாங்கும்போது விட்டுப்போன ஒரு சாவியைப் பின்னர் கேட்டால், பேரம் பேசும் வலு வாங்குபவரிடம் இருக்காது. 2023-இல் அந்நிறுவனம் ஆன்டாப் ஒன் என்ற பெயரில் இவற்றையெல்லாம் ஒரே உரிமமாக்கியது. பெட்டியோடு மென்பொருள் முழுவதும் என்ற முறை இன்று பரவலாகிவிட்டது.

சர்வர்களுக்குள்ளேயே எஸ்எஸ்டிகளைச் செருகி, மென்பொருளால் சேமிப்பகமாக இணைக்கும் முறையில் கணக்கு வேறு. மெய்நிகர் கணினி மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கிய பின், நிரந்தர உரிமங்களின் விற்பனை நின்று, கோர் (பிராசசருக்குள் உள்ள கணிப்பு அலகு) எண்ணிக்கை சார்ந்த சந்தா வந்தது. அதன் விஎம்வேர் கிளவுட் ஃபவுண்டேஷன் சந்தாவில் ஒவ்வொரு கோருக்கும், இப்படி இணைக்கும் மென்பொருளான விசானின் 1 டெபிபைட் கொள்ளளவு உரிமம் சேர்ந்து வருகிறது. 64 கோர் உள்ள சர்வரில் 15.36 டெராபைட் எஸ்எஸ்டி பத்து இருந்தால், மூலக் கொள்ளளவு ஏறத்தாழ 139.7 டெபிபைட்; 64 போக மீதிக்குத் தனியே உரிமம் வாங்க வேண்டும். இங்கே அளவை மூலக் கொள்ளளவில்தான், சுருக்கத்துக்கு முன்னால். பாதுகாப்புக்காக எழுதப்படும் இரண்டாம் நகல் இருக்கும் இடத்துக்கும் உரிமக் கட்டணம் உண்டு.

வெளியே இருக்கும் உரிமங்களும் இந்தக் கணக்குக்குள் நுழைகின்றன. ஆரக்கிள் தரவுத்தளத்தின் என்டர்பிரைஸ் பதிப்புக்கு ஒரு பிராசசர் உரிமத்தின் பட்டியல் விலை 47,500 அமெரிக்க டாலர். இன்டெல் வகைப் பிராசசர்களில் இரண்டு கோருக்கு ஓர் உரிமம் என்பது கணக்கு. மெதுவான சேமிப்பகத்துக்காகக் காத்திருக்கும் கோருக்கும் உரிமக் கட்டணம் உண்டு. காத்திருப்பு நீங்கி எட்டு கோர் குறைந்தால், பட்டியல் விலையில் 1,90,000 டாலர் மிச்சம். ஃபிளாஷ் வாங்கச் சொல்லி வரும் முன்மொழிவுகளில் இந்தப் பத்தி தவறாமல் இருக்கும். உரிமங்களை ஏற்கெனவே வாங்கிவிட்டவருக்கு மிச்சமாவது ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் மட்டுமே என்பதைத் தவறாமல் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பராமரிப்புக் கட்டணத்தில்தான் உண்மையான பிடி இருக்கிறது. மூன்று அல்லது ஐந்து ஆண்டுப் பராமரிப்பைச் சேர்த்தே பெட்டியை விற்பார்கள். அது முடிந்தபின் நீட்டிப்புக் கட்டணம் எகிறி, புதுப் பெட்டி வாங்குவதே மலிவு என்று தோன்றும் நிலை பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருந்தது. ப்யூர் ஸ்டோரேஜின் எவர்கிரீன் சந்தா இதை மாற்ற முயன்றது: சந்தா தொடரும்வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை பெட்டியை இயக்கும் கன்ட்ரோலர்கள் புதிதாக மாற்றப்படும், தரவும் எஸ்எஸ்டிகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். பிற நிறுவனங்களும் இப்படிப்பட்ட திட்டங்களைக் கொண்டுவந்தன. பெட்டியை வாங்காமலேயே பயன்படுத்திய டெராபைட்டுக்கு மாதக் கட்டணம் செலுத்தும் முறையும் வந்துவிட்டது. அதில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மீட்டர் சுருக்கத்துக்கு முன் ஓடுகிறதா, பின்னா? முன் என்றால் நன்றாகச் சுருக்குவதன் ஆதாயம் விற்பவருக்கு, சுருங்காத தரவின் இடரும் அவருக்கே. பின் என்றால் இரண்டும் வாங்குபவருக்கு.

கடைசியாக, பலர் படிக்காமல் கடந்துபோகும் ஒரு வரி. உத்தரவாதக் காலத்தில் பழுதான எஸ்எஸ்டிக்குப் புதியது இலவசம். ஆனால் பழையதைத் திருப்பித் தர வேண்டும். சுழலும் தட்டில் உள்ளதைக் காந்தப் புலத்தால் துடைக்கலாம். ஃபிளாஷில் இருப்பது சிறைப்பட்ட மின்னூட்டம், காந்தம் அதைத் தொடாது; உள்ளே ஒளிந்திருக்கும் உபரிச் செல்களில் பழைய பக்கங்களின் மிச்சமும் இருக்கக்கூடும்; பழுதான எஸ்எஸ்டியோ துடைக்கச் சொல்லும் கட்டளையை ஏற்காமலும் போகலாம். அதை அரைத்துத் தூளாக்குவது ஒன்றே வழி என்று கருதும் வங்கி, பழுதானதைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமையையும் விலைகொடுத்துத்தான் வாங்க வேண்டும். பெரிய நிறுவனங்களின் விலைப்பட்டியல்களில் அதற்கென்றே தனி வரி இருக்கிறது.