ஒரு பவுன் பறவை, ஒரு சொட்டு ரத்தம்

குன்னூரில் என் ஸ்கூட்டரின் இரண்டு கண்ணாடிகளுக்கும் பிப்ரவரியிலிருந்து பழைய சாக்ஸ் மாட்டியிருக்கிறது. காரணம் ஓர் ஆண் ஊதாத் தேன்சிட்டு. காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடும். கண்ணாடிக்குள் தெரிகிற பறவையைத் தன் எல்லைக்குள் நுழைந்த இன்னொரு ஆண் என்று நினைத்துக் கொத்தும், படபடக்கும், பிரேக் கம்பியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும், மறுபடியும் பாயும். மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னார்: "தம்பி, அந்த ஹம்மிங் பேர்டு முட்டி முட்டியே செத்துப் போயிரும். எதையாவது போட்டு மூடுங்க."

மூடினேன். ஆனால் அது ஹம்மிங் பேர்டு இல்லை. அந்தப் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் கிடையாது. காற்றில் நின்றபடியே தேன் குடிப்பது அவற்றின் வழக்கம். நம் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும். இரண்டும் நெருங்கிய சொந்தமும் இல்லை. அலகும் உருவமும் ஒத்திருப்பது ஒரே தொழிலைச் செய்ததால் வந்த ஒற்றுமை. எடையைச் சொன்னால் பலரும் நம்ப மாட்டார்கள். ஊதாத் தேன்சிட்டு ஏறத்தாழ ஒரு பவுன், அதாவது எட்டு கிராம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சின்னத் தேன்சிட்டு அதைவிடக் குறைவு, ஐந்தாறு கிராம்தான்.

இந்தப் பறவைக்குத் தேன் இனிக்கிறது என்பதே ஒரு மரபணுக் கதை. நம் நாக்கில் இனிப்பை உணர இரண்டு புரதங்கள் ஜோடி சேர வேண்டும். அந்த ஜோடியில் ஒன்றுக்கான மரபணு பறவைகளிடம் இல்லை. அவற்றின் முன்னோர்கள் எப்போதோ அதைத் தொலைத்துவிட்டார்கள். அதனால்தான் கோழிக்குச் சர்க்கரை ஒரு பொருட்டே இல்லை. அப்படியானால் தேன்சிட்டு எப்படி உணர்கிறது? கறிக்குழம்பின் ருசியை, அதாவது புரத உணவின் சுவையை அறிவதற்கென்று இன்னொரு ஜோடி உண்டு. தேன்சிட்டு உட்பட்ட பாடும் பறவைகளின் முன்னோர்களிடம் அந்த ஜோடியில் சில மாற்றங்கள் ஏற்பட்டு, அது சர்க்கரையையும் பிடிக்கத் தொடங்கிவிட்டது. ஹம்மிங் பேர்டும் இதே பழைய ஜோடியைத்தான் திருத்திக்கொண்டது, ஆனால் தனியாக, வேறு இடங்களில் மாற்றி. உப்புமாவுக்கு வாங்கிய ரவையில் இரண்டு வீட்டில் கேசரி கிண்டிய மாதிரி. ஹம்மிங் பேர்டு பற்றிய ஆய்வு 2014-இல் வந்தது, பாடும் பறவைகள் பற்றியது 2021-இல்.

பாடும் பறவைகள் தோன்றியது ஆஸ்திரேலியாவில். அங்கே யூகலிப்டஸ் மரங்களின் தேனும், பட்டையிலிருந்து கசியும் இனிப்புச் சாறும் தாராளம். இனிப்பறியும் நாக்கு அங்கே பலனளித்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அந்த யூகலிப்டஸ் 1843-இல் நீலகிரிக்கு வந்தது. நாம் கற்பூர மரம் என்கிறோம், தைலம் காய்ச்சுகிறோம். சோலைக்கும் புல்வெளிக்கும் அது செய்த கேடு தனிக் கதை. ஆனால் அது பூக்கும்போது தேன்சிட்டும் வெள்ளைக்கண்ணிக் குருவியும் மொய்ப்பதைப் பார்த்தால், பல லட்சம் தலைமுறைக்கு முன் விட்டுப்போன உறவு ஊட்டி ரோட்டோரம் மறுபடி கூடியது போல எனக்குத் தோன்றும்.

தேன் இலவசம் இல்லை. பூ தேன் தருவது மகரந்தம் சுமக்கக் கூலியாக. தேன்சிட்டு எப்போதும் நேர்மையாக நடப்பதில்லை. அக்கா வீட்டுச் செம்பருத்தியில் அது வாய்ப்பக்கம் போகாமல் அடிப்பக்கம் ஒரு துளை போட்டுத் தேனை உறிஞ்சிவிட்டுப் போய்விடும். கன்னக்கோல் வைக்கிற வேலை. மலைமேட்டில் ஆள் உயரத்துக்கு நிற்கும் காட்டுப் புகையிலையின் பூங்கொத்தில் அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. அங்கே தலையில் மகரந்தம் அப்பிக்கொண்டுதான் வெளியே வரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது புல்லுருவி. மரக்கிளையில் வேர்விட்டு, அந்த மரத்தின் சாற்றையே உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிச் செடி. தேன்சிட்டின் உறவான பூக்கொத்தி இதன் மொட்டை அலகால் கவ்வி லேசாக அமுக்கும். மொட்டு சட்டென்று வெடித்து முகத்தில் மகரந்தத்தைத் தூவும். பிறகு அதே பூக்கொத்தி பழத்தையும் தின்னும். பசை மாதிரி ஒட்டும் விதை வெளியே வரும்போது உதறினாலும் விழாது. கிளையில் தேய்த்துத்தான் விடவேண்டும். அப்படித் தேய்த்த இடத்தில் புதிய புல்லுருவி முளைக்கும். சில புல்லுருவிகளின் முதிர்ந்த மொட்டும் பழமும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதை, நீலகிரியில் இவற்றை ஆராய்ந்த பிரியா டேவிதார் 1983-இல் விவரித்தார். ஒரே முகத்தைக் காட்டி ஒரே பறவையிடம் இரண்டு வேலை வாங்குகிறது செடி.

சரி, இது பறவையை வேலை வாங்கும் ஒட்டுண்ணி. பறவைக்குள்ளேயே குடியிருப்பது வேறு. அதைப் பார்க்க ஒரு சொட்டு ரத்தம் வேண்டும்.

பறவையைப் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் மெல்லிய வலை கட்டிப் பிடித்து, இறக்கையின் அடியில் ஓடும் நாளத்தில் ஊசிமுனையால் குத்தி, முடிபோன்ற கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுக்கிறார்கள். உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. ஐந்து கிராம் பறவைக்கு அது மருந்து டிராப்பரில் ஒரே ஒரு சொட்டு. அதில் ஒரு பகுதியைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துச் சாயம் போடுவார்கள். மீதி டிஎன்ஏவுக்கு.

ஒரு சொட்டு போதுமா? பறவைக்குத் தாராளம். நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, ஆகவே டிஎன்ஏவும் கிடையாது. பறவையின் சிவப்பணு முட்டை வடிவில், நடுவில் உட்கருவோடு இருக்கும். கோடிக்கணக்கான சிவப்பணுக்களில் ஒவ்வொன்றிலும் முழு மரபணுத் தொகுப்பு. அதிலிருந்து ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். வெள்ளைக்கண்ணி போல இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் பறவைகளுக்கு இதுவே நல்ல வழி. பறவைகளில் இதை முடிவு செய்வது தாயின் குரோமோசோம், நம்மைப் போலத் தகப்பனுடையது இல்லை.

பூர்வீகமும் தெரியும். நீலகிரிக்கும் பழனி மலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து கிடக்கிறது. சமவெளித் தோட்டங்களிலும் வாழத் தெரிந்த தேன்சிட்டுக்கு அது ஒரு தடையே இல்லை. குளிர்ந்த சோலையை விட்டு இறங்காத பறவைக்கு அது கடல். நீலகிரிச் சிரிப்பானும் பழனிச் சிரிப்பானும் பூச்சி, பழத்தோடு பூந்தேனும் குடிப்பவை. கணவாய்க்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் அவை தனித்தனி இனங்கள். மலை உச்சிகளைக் கடல் நடுவே உள்ள தீவுகளாகப் பார்க்கும் இந்த ஆய்வுகளின் தொடர்ச்சியாக 2017-இல் இரண்டு புதிய பேரினங்கள் அறிவிக்கப்பட்டன. அதில் ஒன்றின் பெயர் ஷோலிகோலா. நம்முடைய 'சோலை' இப்போது லத்தீன் பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது தகட்டுக்கு வருவோம். கல்லூரி ஆய்வகம் ஒன்றில் ஒருமுறை இப்படிப்பட்ட தகட்டைப் பார்க்க வாய்த்தது. இளஞ்சிவப்பு முட்டைகள், நடுவில் ஊதாப் புள்ளிகள். வரிசை வரிசையாக நகர்த்திக்கொண்டே போனால் திடீரென்று ஒரு அணுவில் உட்கருவை அணைத்தபடி பிறை போல ஒரு நீல உருவம். உள்ளே பொடிப்பொடியாகப் பொன்பழுப்புத் துகள்கள். ஹீமோபுரோட்டியஸ் என்ற ரத்த ஒட்டுண்ணி. அந்தத் துகள்கள் பறவையின் ஹீமோகுளோபினைத் தின்று செரித்த மிச்சம். இதன் நெருங்கிய உறவு பிளாஸ்மோடியம், அதாவது மலேரியாக் கிருமி. பறவைகளுக்கென்று அதில் தனி வகைகள் உண்டு. இன்னொன்று லியூக்கோசைட்டோசூன். அது குடியேறிய அணு நெசவுத் தறியின் நாடா மாதிரி இருபக்கமும் நீண்டுவிடும். பறவையின் இந்த ரத்தக் கிருமிகள் மனிதருக்குத் தொற்றாது, பயப்பட வேண்டாம்.

கண்ணுக்குத் தப்புவது டிஎன்ஏவில் மாட்டும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பறவையின் பூர்வீகம் பார்க்கப் பயன்படுத்தும் மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்றின் ஒட்டுண்ணி வடிவத்தைத்தான் கிருமியின் வகை பார்க்கவும் படிக்கிறார்கள். அதே சொட்டில் வீட்டுக்காரரின் ஜாதகமும் குடிக்கூலி தராதவரின் ஜாதகமும்.

இந்த மலைக்கும் அந்தக் கிருமிக்கும் பழைய தொடர்பு. 1897-இல் மருத்துவர் ரொனால்ட் ராஸ் ஊட்டிக்கு வந்தார். கீழே சீகூர்ப் பக்கம், இன்று 36 கொண்டை ஊசி வளைவுகளோடு கல்லட்டிச் சாலை இறங்கும் சரிவில், மலேரியாவை ஆராயப் போய்த் தானே காய்ச்சலில் விழுந்தார். இறக்கையில் புள்ளிபோட்ட ஒருவகைக் கொசுவை அவர் கவனித்ததும் அங்கேதான். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் அப்படிப்பட்ட கொசுவின் வயிற்றில் மனித மலேரியாக் கிருமியைக் கண்டார். ஆனால் கொசுவிலிருந்து அடுத்த உடலுக்கு அது எப்படிப் போகிறது என்ற மீதிக் கதையை 1898-இல் கல்கத்தாவில் அவருக்குச் சொன்னவை பறவைகள். சிட்டுக்குருவிகளின் கிருமி கொசுவின் எச்சில் சுரப்பிக்கு வந்து சேர்வதையும், அந்தக் கொசு கடித்து நல்ல குருவிக்கு நோய் வருவதையும் காட்டினார். 1902-இல் நோபல் பரிசு. குருவிகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கிருமி கொசுவுக்குள் வளர வெப்பம் வேண்டும். கொசுவுக்கென்று தனிச் சூடு கிடையாது. காற்று எவ்வளவோ அவ்வளவுதான். பறவை மலேரியாக் கிருமியான பிளாஸ்மோடியம் ரெலிக்டம் சுமார் 13 டிகிரிக்குக் கீழே கொசுவுக்குள் வளர்வதை நிறுத்திவிடுகிறது. அதற்கு மேலே வளரும், ஆனால் குளிர் கூடக்கூட நாள் நீளும். கொசுவின் ஆயுளோ சில வாரங்கள். பால் பொங்குவதற்குள் கேஸ் தீர்ந்துவிடுகிற கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுவது 1,500 மீட்டர், கிட்டத்தட்ட ஒன்பது டிகிரி இறக்கம். 2,240 மீட்டரில் ஊட்டியின் பனிக்கால இரவுகளில் தரையில் உறைபனி கிடக்கும். ஆகவே பூவைத் தேடி மலையேறும் தேன்சிட்டு தன் ரத்தத்தில் கிருமியைக் கொண்டுவந்தாலும், மேலே அதைக் கைமாற்றிவிட ஆள் கிடைப்பது கடினம்.

குளிர் இருந்தால் எல்லாப் பறவையும் சுகம் என்று எழுதிவிடலாம். அது சரியில்லை. பிளாஸ்மோடியத்துக்குத்தான் கொசு வேண்டும். ஹீமோபுரோட்டியஸை மிகச்சிறிய கடி ஈக்களும், இறகுக்குள் ஓடும் தட்டையான பேன் ஈக்களும் கடத்துகின்றன. லியூக்கோசைட்டோசூனைக் கடத்தும் கருப்பு ஈயின் புழு வாழ்வது ஓடும் நீரில். மலை ஓடை அதற்குப் பிறந்த வீடு. ஒரு கிருமி படியிறங்கும் இடத்தில் இன்னொன்று ஏறி வருகிறது.

13 டிகிரிக் கோட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பது ஹவாய்த் தீவில் தெரிந்தது. 1826 வாக்கில் கப்பல் தண்ணீரோடு ஒரு கொசு அங்கே போய்ச் சேர்ந்தது. நம் ஊர்ச் சாக்கடையில் மொய்க்கும் அதே கியூலெக்ஸ் இனம். பின்னால் கிருமியும் வந்தது. இதை அறியாத தீவின் தேன் குடிக்கும் பறவைகள் பல அழிந்தன. இயிவி என்ற செந்நிறப் பறவையைச் சோதனையில் கிருமியுள்ள கொசு ஒருமுறை கடித்தபோது, பத்தில் ஒன்பது செத்தன. தீவில் மிஞ்சிய பறவைகள் பெரும்பாலும் குளிர்ந்த மலைமேட்டில் வாழ்கின்றன. அங்கேயும் இப்போது சூடு ஏறுகிறது.

நீலகிரி ஹவாய் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நம் பறவைகளும் இந்தக் கிருமிகளும் நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தவை. தொற்றிய முதல் சில வாரங்கள் கடுமை. தப்பிப் பிழைத்தால் கிருமி மிகக் குறைந்த அளவில் உடலிலேயே தங்கிவிடும், பல பறவைகள் அதோடேயே குஞ்சு பொரித்து வளர்க்கும். ஆனால் இந்தச் சமாதானத்தை நம்பும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும். வலை பிடிப்பது பறக்கிற பறவையை. காய்ச்சலில் சுருண்டு புதரில் உட்கார்ந்திருப்பது வலைக்கு வராது, பூனைக்குத்தான் வரும். நாம் எண்ணுவது பெரும்பாலும் பிழைத்தவற்றை. நாளெல்லாம் பூப்பூவாகப் பறந்தால்தான் அன்றைய வயிறு நிறையும் என்ற நிலையில் உள்ள ஒரு பறவைக்கு, ரத்தசோகையோடு இரண்டு நாள் முடங்குவது என்ன விலை என்று அந்த எண்ணிக்கையில் தெரியாது.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் செம்பருத்தியடிக்குக் கூட்டிப்போனார். சமையலறைத் தண்ணீர் வந்து தேங்கும் குழி. அந்தத் தண்ணீரில்தான் செடி தழைக்கிறது, அந்தப் பூவுக்குத்தான் தேன்சிட்டு வருகிறது. குச்சியால் கலக்கினார். நூல்போன்ற புழுக்கள் தலைகீழாகத் துள்ளி அடியில் போயின. "இதுதானே?" என்றார். இதுதான். அன்று சாயங்காலமே குழியை மண் போட்டு மூடிவிட்டு, தண்ணீர் தேங்காமல் ஓட ஒரு வாய்க்கால் வெட்டினோம்.

இப்போது என் வராந்தாவில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. காலையில் கோலம் போட வரும்போது அக்கா கேட்பார், "நைட்டு எவ்வளவு தம்பி?" இன்று 14.