ஐதரசன் ஃபெலோஷிப்புக்குப் போடும் முன் ஒரு மினி ஹைட்ரோ கணக்கு

போன மாதம் பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளையொருத்தி என்னைத் தேடி ஹட்டனுக்கு வந்தாள். பொறியியல் பட்டதாரி, அம்மா இன்னும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர். "சேர், ஐதரசனைச் சக்தி அமைப்புகளோடு ஒருங்கிணைக்கும் ஆய்வுக்கு பிரிட்டன் பல்கலைக்கழகம் ஒன்றில் ஃபெலோஷிப் விளம்பரம் வந்திருக்கு. போட்டுப் பார்க்கவா?" என்று மூன்று பக்க ஆய்வு முன்மொழிவை நீட்டினாள். நான் தேயிலைத் தோட்டத் தொழிற்சாலைகளில் மின்சார வேலையும் மினி ஹைட்ரோ (சிறு நீர்மின்) வேலையும் பார்க்கிறவன். ஐதரசன் ஆய்வாளன் இல்லை. ஆனாலும் வாசித்ததும் சொல்ல நிறைய இருந்தது. வேறு சில பிள்ளைகளும் இதையே கேட்பதால் எழுதி வைக்கிறேன்.

ஃபெலோஷிப் என்றதும் நம்மவர்கள் புலமைப்பரிசில் என்று நினைத்துவிடுகிறார்கள். பிரிட்டனில் ரிசர்ச் ஃபெலோ என்பது பெரும்பாலும் சம்பள வேலை. கலாநிதிப் பட்டம் முடித்தவரை, அல்லது முடிக்கும் தறுவாயில் இருப்பவரைத்தான் எடுப்பார்கள். முதல் பட்டத்தோடு நிற்பவர் தேட வேண்டியது நிதியுதவி உள்ள கலாநிதி ஆய்வு இடங்களை. இதைச் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, விண்ணப்பம் போட்டுத் தருவதாக ஒருவர் அவளிடம் முற்பணமும் கேட்டிருக்கிறார். வேலைக்கு ஆள் எடுக்கும் பல்கலைக்கழகம் விண்ணப்பிப்பவரிடம் காசு கேட்காது. படிவத்தையும் நாமே இணையத்தில் நிரப்பலாம்.

சரி, முன்மொழிவுக்கு வருவோம். நகர எரிவாயுக் குழாய்களில் 20 வீதம் ஐதரசன் கலப்பது பற்றி ஒரு பந்தி இருந்தது. எங்கிருந்தோ எடுத்தது. இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழக வளாகத்தில் உண்மையிலேயே அப்படிக் கலந்து பார்த்தார்கள். கனவளவில் 20 வீதம் என்றாலும் அதிலிருந்து கிடைக்கும் சக்தி ஏறக்குறைய 7 வீதம்தான். ஐதரசன் அவ்வளவு லேசான வாயு. அது போகட்டும், நமக்கு ஏது குழாய்? லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) காஸ் சிலிண்டர் தோளில் ஏறித்தான் வருகிறது.

விளம்பரத்தில் கவனிக்க வேண்டிய சொல் 'ஒருங்கிணைத்தல்'. ஐதரசனைத் தயாரிப்பது பழைய வித்தை. தண்ணீரை மின்பகுப்பதை ஓ.எல். பாடத்திலேயே படித்துவிட்டோம். எந்த நேரத்து மின்சாரத்தில் தயாரிப்பது, எங்கே வைப்பது, யாருக்குக் கொடுப்பது என்பதுதான் அங்கே கேட்கிற கேள்வி. அதற்கு நம் ஊரில் கணக்கு உண்டு என்று சொல்லி ஒரு தாளை எடுத்தேன்.

தென்மேற்குப் பருவமழையில் ஆறு நிறைந்து ஓடுகிறது. தோட்டத்துச் சிறு மின்நிலையம் பொது வலையமைப்போடு இணைக்கப்படாதது. ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) ஓடாத எட்டு மணித்தியாலத்துக்கு 100 கிலோவாட் மிஞ்சுகிறது என்று வைப்போம். 800 யுனிட். ஒரு கிலோ ஐதரசனுக்கு 50 முதல் 55 யுனிட் பிடிக்கும். ஆக, 15 கிலோ. தண்ணீர் பெரிய செலவில்லை, இரசாயனக் கணக்கில் கிலோவுக்கு ஒன்பது லீற்றர். ஆனால் அதை நன்றாகச் சுத்திகரிக்க வேண்டும். அந்த 15 கிலோவை அழுத்தாமல் வைத்தால் ஆறேழு லயக் காம்பராக்களை நிறைத்துவிடும். மறுபடி எரிபொருட் கலத்தில் விட்டு மின்சாரமாக எடுத்தால் கிடைப்பது 250 யுனிட் அளவில். 800 கொடுத்து 250 வாங்குகிறோம். அழுத்தும் செலவை இன்னும் கழிக்கவில்லை. நல்ல லிதியம் பற்றரியில் போட்டிருந்தால் 700 கிட்டத் திரும்பியிருக்கும்.

அவள் உடனே, "அப்படியென்றால் தேயிலை உலர்த்தியில் எரிக்கலாமே சேர்?" என்றாள். உலர்த்திக்கு வேண்டியது நூறு பாகை அளவுச் சூட்டுக் காற்று. அதற்கு விறகே போதுமாக இருக்கிறது. மின்சாரம் மிஞ்சினால் ஹீட்டரை நேரே போட்டுவிடலாம். நடுவில் ஐதரசன் வந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணாகும். தோட்ட ஸ்டோரை ஐதரசனில் ஓட்டுவோம் என்று யாராவது மேடையில் சொன்னால் இந்தத் தாளைக் காட்டுங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. அதே 15 கிலோவை, யூரியா உரத்துக்கு மூலப்பொருளான அமோனியாவாக்கினால் 85 கிலோ வரும். அதிலுள்ள நைதரசன் மூன்று மூட்டை யூரியாவில் உள்ளதற்குச் சமம். 2021இல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது மலையில் கொழுந்து எப்படிக் குறைந்தது, பேர் (சம்பளத்துக்குப் பதியும் வேலை நாள்) எப்படிக் குறைந்தது என்று அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் கேட்டால் தெரியும். இன்று உலகில் உரத்துக்கான ஐதரசனில் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. காகிதக் கணக்கு இது, தெரியும். அமோனியாத் தொழிற்சாலைக்கு 400 பாகைக்கு மேல் வெப்பமும் பெரிய அழுத்தமும் வேண்டும், தோட்டத்துக்கு ஒன்று என்று கட்ட முடியாது. ஆனால் ஆய்வுக் கேள்வி என்றால் இது கேள்வி. நாட்டளவிலும் மின்சாரம் மிஞ்சுகிறது: 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்து, கூரைச் சூரியக்கலங்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது நினைவிருக்கும். அயல்நாட்டோடு மின் இணைப்பில்லாத தீவில் மிஞ்சுகிற மின்சாரத்தை வெளியே தள்ள இடமில்லை. அதில் எவ்வளவு பற்றரிக்கு, எவ்வளவு உரத்துக்கு என்று கணக்கிட பைப்சா (PyPSA) போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பைதான் என்ற கணினி மொழி தெரிந்தால் போதும்.

பாதுகாப்பு பற்றி அவள் ஒரு வரிதான் எழுதியிருந்தாள். ஐதரசனை நாங்கள் ஏற்கெனவே சந்தித்திருக்கிறோம். ஈய அமிலப் பற்றரியை அளவுக்கு மேல் சார்ஜ் செய்தால் உள்ளிருக்கும் தண்ணீர் பிரிந்து ஐதரசன் கிளம்பும். பல வருடங்களுக்கு முன் ஒரு தோட்ட ஸ்டோரில், பனிக்குப் பயந்து பற்றரி அறையின் மேல் யன்னலைச் சாக்கால் அடைத்திருந்தார்கள். பையனொருவன் சார்ஜரை நிறுத்தாமல் டேர்மினலைக் கழற்றினான். ஒரு பொறி, ஒரு வெடி. மூடி கூரையில் போய் அடித்தது, அமிலம் அவன் சட்டையில். கண் தப்பியது. காஸ் கசிந்தால் கீழே தங்கும், கலந்திருக்கும் வாடையில் மூக்கு பிடித்துவிடும். ஐதரசனுக்கு வாடையில்லை, மேலே போய்க் கூரையில் சேரும். காற்றில் 4 வீதத்திலிருந்து 75 வீதம் வரை எந்த அளவிலும் பற்றும், பகலில் சுவாலையும் சரியாகத் தெரியாது. ஆகவே பற்றரி அறை வைத்திருப்பவர்கள் இன்றே போய் மேல் யன்னலைப் பாருங்கள். ஃபெலோஷிப் போடாதவர்களுக்கும் இது பொருந்தும்.

அவள் அந்த முற்பணக்காரரை விட்டுவிட்டாள். விளம்பரத்தில் இருந்த பேராசிரியருக்குக் கலாநிதி இடம் உண்டா என்று கேட்டு எழுதியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. போன ஞாயிறு ஒரு பவர் ஹவுஸின் லொக் புத்தகங்களைப் படம் எடுத்து அனுப்பினாள். ஜூன் மாதப் பக்கங்களில் பாதி எண்ணெய்க் கறை. தண்ணீர் அணைக்கு மேலால் வழிந்த நேரத்தை, அதாவது மின்சாரமாகாமல் தண்ணீர் வீணான நேரத்தைக் குறிக்கும் நிரலை ஒப்பரேட்டர் ஒருவர் ஆறு மாதமாக நிரப்பவே இல்லை. அவர் இப்போது ஓய்வு பெற்று நோர்வூட்டில் இருக்கிறாராம். இந்தச் சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறாள்.