தொட்டி மீனை ஏரியில் விடாதீர்கள்

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வளர்ப்போருக்கும் விற்போருக்கும் மீன் நோய்கள் குறித்து ஆலோசனை கூறுவது என் தொழில். நோயைப் பற்றிய கேள்விகளுக்கு இணையாக நான் எதிர்கொள்ளும் கேள்வி, "சக்கர் மீன் ரொம்பப் பெருசாயிடுச்சு சார், ரெட்டேரில உட்டுடலாமா?" என்பதாகும். ரெட்டேரி எங்கள் பகுதி ஏரி. கொல்ல மனம் வராமல்தான் கேட்கிறார்கள். அந்த இரக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் விடவே கூடாது என்றுதான் சொல்கிறேன்.

'டேங்க் கிளீனர்' என்று விரல் நீளத்தில் விற்கப்படும் சக்கர் மீன் தென் அமெரிக்க ஆறுகளுக்கு உரியது. ஓரடிக்கு மேல் வளரக்கூடியது. இறந்த மீனை அறுத்துப் பார்த்தால், கடிகாரச் சுருள்வில்லைப் போலப் பல சுற்றாகச் சுருண்ட மெல்லிய குடலுக்குள் பாசியும் சேறுமே நிறைந்திருக்கும். பாசியையும் மட்கிய பொருள்களையும் தின்று வாழ்வதால் எந்த ஏரியிலும் அதற்கு உணவுப் பஞ்சமில்லை. காற்றை விழுங்கி இரைப்பை வழியாகச் சுவாசிக்க முடிவதால், வேறு உறுப்புகளால் காற்றைச் சுவாசிக்கும் நம் விராலையும் தேளியையும் போலவே, பிராணவாயு குறைந்த நீரிலும் அது தாக்குப்பிடிக்கும். உடலை மூடிய எலும்புத் தகடுகளாலும் துடுப்பு முட்களாலும், வளர்ந்த மீனை விழுங்கத் துணியும் உயிர்கள் இங்கு மிகக் குறைவு. வலையில் சிக்கினால் முள் மாட்டிக்கொண்டு, வலையை அறுத்தே அதை எடுக்க வேண்டியிருக்கிறது. சந்தையிலோ அதற்கு விலையில்லை. மேலும், ஆண் மீன் கரையில் வளை தோண்டி முட்டைகளைக் காக்கும். மண்கரையை நம்பி நீர் தேக்கும் ஏரிக்கு இது சிறிய தொல்லையன்று.

ஆழமற்ற ஏரி தெளிவாக இருப்பதற்கு அடியில் வளரும் நீர்ச்செடிகளே முக்கியக் காரணம். அவை சேற்றைப் பிடித்து நிறுத்துகின்றன, மீன் குஞ்சுகளுக்கு மறைவிடமாகின்றன. பள்ளம் பறித்து முட்டையிடும் ஜிலேபி போன்ற அடிமண்ணைக் கிளறும் அயல் மீன்கள் பெருகினால், செடிகள் வேரோடு பெயர்ந்து, சேற்றிலிருந்த பாஸ்பரஸ் நீரில் கலந்து, பச்சைப் பாசி செழித்து, வெளிச்சம் மறைக்கப்பட்டு, எஞ்சிய செடிகளும் மடிகின்றன. அந்த நிலைக்குச் சென்ற ஏரி, மீன்களைப் பிடித்து அகற்றினாலும் எளிதில் தெளிவதில்லை. நம் ஏரிகளின் முதல் எதிரி கழிவுநீர்தான். அந்தப் பொறுப்பை மீன்மீது சுமத்தக் கூடாது. ஆனால் கழிவுநீரால் நலிந்த ஏரியில்தான் அயல் மீன் எளிதில் வெல்கிறது.

ஜிலேபி 1952இல் உணவுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பதாலும், சில மாதங்களிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராவதாலும், இன்று அது இல்லாத நீர்நிலையைக் காண்பது அரிது. அயிரையும் உளுவையும் அதோடு போட்டியிட வேண்டியுள்ளது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியோ மற்ற மீன்களையே இரையாக்குகிறது.

"ஒரு மீன்தானே" என்பவர்கள் ஏரிகளின் இணைப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். அம்பத்தூர் ஏரியின் உபரி நீர் கொரட்டூர் வழியாக ரெட்டேரிக்கு வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால், மேல் ஏரியில் விட்ட மீன் கீழ் ஏரிக்கும் போய்ச் சேரும்.

வளர்க்க முடியாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். எடுத்துக்கொள்ளும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். எவரும் ஏற்காவிட்டால், கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மயக்கி வலியின்றி உயிர் போக்கும் முறை உண்டு. அதை விவரம் தெரிந்தவர் உதவியோடு செய்யுங்கள். தொட்டிச் செடிகளையும் மழைநீர் வடிகாலில் வீசாதீர்கள். அவற்றில் ஒட்டியிருக்கும் நத்தை முட்டைகளும் கூடவே போகும்.