தெனாலிக்கு ஏன் பயம் தெளியவில்லை?

2000ல் வந்த தெனாலி படத்தில், தெனாலியாக வரும் கமலுக்குத் தொட்டதற்கெல்லாம் பயம். மனநல மருத்துவர் கைலாஷ் (ஜெயராம்) விடுமுறைக்குக் கொடைக்கானல் போனால், அங்கேயும் பின்னாலேயே போய் நிற்பார். சிரிப்பை ஓரமாக வைத்துவிட்டு அவரை ஒரு நோயாளியாகப் பார்த்தால் சுவாரசியமான கேஸ்தான்.

ஒருத்தருக்கே இரண்டு மூன்று ஃபோபியா, அதாவது ஒரு குறிப்பிட்ட விஷயத்தின் மேல் அளவுக்கு மீறிய பயம், சேர்ந்து வருவது சகஜம். ஆனால் எல்லாமே பயம் என்றால், மருத்துவர் பட்டியல் போடுவதோடு நிற்க மாட்டார். அடியில், எதற்கென்றில்லாமல் எல்லாவற்றுக்கும் பதற வைக்கும் பொதுப் பதற்ற நோய் ஓடுகிறதா என்று பார்ப்பார். தெனாலி இலங்கைத் தமிழர், போரைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் அந்த அதிர்ச்சியின் பாதிப்பையும் கட்டாயம் விசாரிப்பார்.

சரி, பயம் எப்படி ஒட்டிக்கொள்கிறது? கூட்டம் என்றாலே பதறும் ஒருவர் தீபாவளிக்கு முந்தின வாரம் மதுரை விளக்குத்தூண் கடைவீதிக்குத் துணி எடுக்கப் போகிறார் என்று வையுங்கள். முன்னே ஆள், பின்னே ஆள், காதுக்குள் வியாபாரிகளின் கூவல். மூளைக்குள் அமிக்டலா என்ற சின்னப் பகுதி, யோசிக்கிற பகுதி நிதானிப்பதற்குள் ஆபத்து என்று மணியடித்துவிடும். அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். மனுஷன் கிடைத்த ஆட்டோவில் ஏறித் தப்பித்துவிடுவார். ரெண்டு நிமிஷத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி வரும் பாருங்கள், வில்லங்கமே அதுதான். ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை எழுதி வைத்துக்கொள்ளும், அடுத்த தடவை விளக்குத்தூண் என்ற பேச்சை எடுத்தாலே படபடப்பு வரும்.

ஓடுவது மட்டுமில்லை, எதையாவது பிடித்துக்கொள்வதும் இதே வேலையைத்தான் செய்யும். பெண்டாட்டி கையை விடாமல் நடப்பது, பையில் மாத்திரை இருக்கிறதா என்று தடவிக்கொண்டே இருப்பது எல்லாம் இந்த ரகம். தெனாலிக்கு அந்தப் பிடிமானம் டாக்டர்தான். டாக்டர் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம் என்றே ஒவ்வொரு முறையும் கணக்கு முடிந்தால், தானாகச் சமாளிக்க முடியும் என்பது மூளைக்கு எப்போது தெரியும்?

நம் பக்கம் பிள்ளை பயந்துவிட்டால் தர்காவுக்கோ கோயிலுக்கோ கூட்டிப்போய் மந்திரித்துத் திருநீறு பூசுவார்கள். அதில் கிடைக்கும் தைரியத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் மந்திரித்த கையோடு, நாய் இருக்கும் தெருவுக்கே போகாதே என்று தடுத்தால் பயம் உள்ளேயே குடியிருக்கும்.

சிகிச்சை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகும். 1924லேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டம் கொடுத்துக்கொண்டே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்து பயத்தைத் தெளிய வைத்தார். நம் ஆளுக்கு என்றால் முதலில் கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை விளக்குத்தூண், அப்புறம் ஞாயிறு சாயங்காலம், கடைசியில் தீபாவளி வாரம். படபடப்பு ஏறினாலும் ஓடாமல் நிற்க வேண்டும். பயந்தது எதுவும் நடக்கவில்லையே என்று உடம்போடு சேர்த்து மூளை கற்றுக்கொள்ளும் இடம் அதுதான். சினிமா மாதிரி ஒரே அதிர்ச்சியில் குணமாக்குகிறேன் என்று வீட்டில் யாரையும் கிணற்றுக்குள் தள்ளிவிடாதீர்கள், பயம் இரட்டிப்பாகலாம்.

இன்னொன்று, பழைய பயம் அழிந்துபோகாது, அதன் மேல் புதுப் பாடம் ஒன்று உட்காரும், அவ்வளவுதான். அதனால் விளக்குத்தூணில் தேறியவர் பெரியார் பஸ் ஸ்டாண்டில் மறுபடி வெலவெலத்துப் போகலாம், பழகுவதைப் பல இடங்களில் செய்யச் சொல்வது அதற்காகத்தான்.