‘ரெசிலியன்ஸ்’: மன உறுதியா, தாங்குதிறனா, மீள்திறனா?

கோலாலம்பூரில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கான தன்முனைப்புப் பட்டறை எதிலாவது போய் உட்காருங்கள். அரை மணி நேரத்துக்குள் ‘ரெசிலியன்ஸ்’ எனும் ஆங்கிலச் சொல் காதில் விழும். பேசுபவர் தமிழராக இருந்தால் ‘மன உறுதி’ என்பார். மலாய் ஏட்டில் ‘டாயா தாஹான்’ என்றிருக்கும். மூன்றையும் ஒரே பொருளில் புழங்குகிறோம். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. எந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறோமோ, அதற்கேற்ப மாணவனிடம் நாம் எதிர்பார்ப்பதும் மாறிவிடுகிறது.

லத்தீனில் ‘சலீரே’ என்றால் குதித்தல். முன்னால் ‘ரெ’ சேர்ந்தால் திரும்பக் குதித்தல். 19ஆம் நூற்றாண்டில் பொறியாளர்கள் இதை மரத்துக்கும் இரும்புக்கும் பயன்படுத்தினார்கள். சுமை ஏறும்போது வளைந்து ஆற்றலை உள்வாங்கி, சுமை இறங்கியதும் பழைய வடிவுக்கு வருகிற தன்மைக்கு அந்தப் பெயர். அதற்கும் ஒரு மீட்சி எல்லை உண்டு. அதைத் தாண்டினால் எந்த இரும்பும் வளைந்தபடியேதான் கிடக்கும். பட்டறைகளில் இந்த எல்லையை மட்டும் யாரும் சொல்வதில்லை.

பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளில் இச்சொல் ஊன்றக் காரணமானவர்களுள் உளவியலாளர் எம்மி வெர்னர் முதன்மையானவர். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை அவர் குழு பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வறுமை, குடும்பச் சிக்கல் எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாயினர். அவர்களிடம் அடிக்கடி தென்பட்ட ஒன்று, பெற்றோரோ பாட்டியோ ஆசிரியரோ, நிலையாகப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘மன உறுதி’ என்பது அசையாமை. காற்றில் சாயாத தூண் உறுதியானது. ஆனால் சாய்ந்து நிமிரும் மூங்கிலைத்தான் மூலச்சொல் குறிக்கிறது. ‘டாயா தாஹான்’ நேரே தாங்குதிறன். ‘கெனாட் தாஹான்’ (தாங்க முடியவில்லை) என்று எல்லா இனத்தவரும் சலித்துக்கொள்ளும் ஊரில் அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. தாங்குவது சுமை இருக்கும்வரை நடப்பது. மீள்வது அதற்குப் பின்னும் தொடர்வது. மலாயிலேயே துள்ளி எழுவதைக் குறிக்கும் ‘பிங்காஸ்’ இதற்கு இன்னும் நெருக்கம்.

‘மீள்திறன்’தான் பொருந்துகிறது. அது வினைத்தொகை என்பதால் ‘மீள்த்திறன்’ என்று ஒற்று மிகுத்து எழுதக்கூடாது. மீண்ட திறன், மீள்கின்ற திறன், மீளும் திறன் என முக்காலமும் அதற்குள் அடக்கம். அதைவிட முக்கியம், மீள்தல் தன்வினை, மீட்டல் பிறவினை. அடகு வைத்த சங்கிலி தானாகக் கடையை விட்டு வராது, யாராவது பணம் கட்டி மீட்க வேண்டும். மாணவன் அடகு நகையல்ல. ‘இடுக்கணழியாமை’ அதிகாரத்தில் ‘மடுத்தவா யெல்லாம் பகடன்னான்’ என்ற குறளும் வண்டி சிக்குகிற இடத்திலெல்லாம் தானே மூச்சுப் பிடித்து இழுக்கும் எருதைத்தான் காட்டுகிறது.

மாணவன் மீளும்வரை பக்கத்தில் இருக்கும் பெரியவரை ஆங்கிலத்தில் ‘மென்டர்’ என்கிறார்கள். மென்டர் கிரேக்கக் காப்பியத்து ஆள். ஒடிசியஸ் போருக்குப் போகும்போது வீட்டுப் பொறுப்பை ஒப்படைத்துச் சென்ற நண்பர். அவர் உருவில் வந்துதான் தேவதை அத்தீனா ஒடிசியஸின் மகனுக்கு வழி சொல்கிறாள். தமிழில் ‘வழிகாட்டி’ பரவிவிட்டது, இருக்கட்டும். சுற்றுலாக்காரருக்கும் அதே பெயர் என்பதுதான் சிறு குறை. இந்த உறவுக்கு வள்ளுவர் வைத்த ‘துணைக்கோடல்’ இன்னும் கூர்மையானது. கோடல் என்றால் கொள்ளுதல். துணையைக் கொள்பவன் இளையவன். இங்கும் வினை மாணவனுடையது.

வழிகாட்டியாகப் போகும் உங்களுக்கு இந்த இலக்கணம் நடைமுறையில் எப்படி உதவும்? தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் கணிதம் படித்த பிள்ளை, செந்தூலிலோ பிரிக்பீல்ட்சிலோ தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பெரும்பாலும் எல்லாம் மலாய். மலாய்த் தேர்ச்சி போதாதவர்கள் ‘பெராலிஹான்’ எனும் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டுப் படிவம் ஒன்றுக்குப் போகிறார்கள். அங்கே கணிதத்தில் 28 மதிப்பெண் வாங்கிய பையனிடம் ‘மனம் தளராதே’ என்பதில் பயனில்லை. முதல் சந்திப்பில் அந்த 28ஐ எடுக்கவே வேண்டாம். மீண்ட காலத்திலிருந்து தொடங்குங்கள். “உருமி அடிக்கப் பழகினபோது முதல் மாதம் கை எப்படி இருந்தது? அப்புறம் என்ன செய்தாய்?” அவன் சொல்லும் விடையில் அவனுடைய வழிமுறை இருக்கும். அதை அவன் சொற்களிலேயே எழுதி வையுங்கள்.

இரண்டாம் வாரம் திருத்திய தாளை விரிக்கலாம். ஒவ்வொரு தவற்றின் பக்கத்திலும் மூன்றில் ஒரு குறி: கேள்வி புரியவில்லை, வழி தெரியவில்லை, கவனம் தப்பியது. பெரும்பாலும் முதல் குறியே அதிகம் விழும். அவனுக்குப் பின்னம் தெரியும், ‘பெச்சாஹான்’ தெரியாது. பரப்பளவு தெரியும், ‘லுவாஸ்’ தெரியாது. ‘நான் மக்கு’ என்பது ‘எனக்குப் பத்துச் சொல் தெரியவில்லை’ என்று சுருங்கும் இடம் இதுதான். ஒரு நாளைக்கு இரண்டு சொல்லாக ஐந்து நாளில் பத்து. தன் கையாலேயே தமிழும் மலாயும் எழுதட்டும். அடுத்த வாரம் முடிக்காமல் வந்தால் ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். ‘எந்த நாளில் நின்றது’ என்று கேட்டு, ஐந்து சொல்லாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை, ஒரே நாள், 40 நிமிடம் போதும். பெற்றோர் ஒப்புதலோடும் பள்ளி ஆலோசகருக்குத் தெரிந்தும், நூலகம் போன்ற நாலு பேர் பார்க்கும் இடத்தில் சந்தியுங்கள். நான்கு வாரம் சேர்ந்து குறியிடுங்கள். ஐந்தாம் வாரம் முதல் அவன் குறியிட, நீங்கள் சரிபார்த்தால் போதும். எட்டாம் வாரம் அவனே ஆசிரியரிடம் போகவேண்டும். “சிக்கு, சாயா தாக் ஃபஹாம் சோவாலான் இனி” (ஆசிரியரே, இந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை) என்ற ஒரு வரியை முன்கூட்டியே நாலைந்து முறை சொல்லிப் பார்க்க வையுங்கள். அவனுக்காக நீங்கள் ஆசிரியரைக் கூப்பிட்டுப் பேசினால் அது மீட்டல். நல்லெண்ணம் உள்ள அண்ணன்மாரும் அக்காமாரும் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

பாதியில் விடுவது இன்னும் மோசம். கிராஸ்மன், ரோட்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த துணையில்தான் பலன் மிகுதி. மூன்று மாதத்துக்குள் முறிந்த இடங்களில் பிள்ளைகளின் தன்மதிப்பு குறைந்திருந்தது. ஓராண்டு முடியாதென்றால் தொடங்காதீர்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்கும் கொடுக்காதீர்கள். ஆபத்தென்றால் சொல்லியே ஆகவேண்டும்.

பகடிவதைக்கு ஆளாகும் பிள்ளையிடம் மீள்திறன் பேசுவது, சுமையை இறக்காமல் இரும்பைக் குறை சொல்வது. அங்கே முதல் வேலை வதையை நிறுத்துவது. ஆலோசகரிடமும் பள்ளி நிர்வாகத்திடமும் போங்கள். வீட்டில் அடி, பட்டினி என்றால் தாலியான் காசிஹ் எனும் அரசு உதவித் தொலைபேசி எண் 15999க்கு அழைக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ பிடிப்போ இல்லாமல் இருந்தாலும், சாவைப் பற்றிப் பேசினாலும், அது வழிகாட்டியின் கையில் இருக்கவேண்டிய காரியமல்ல.

முடியும் தேதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள், கடைசி மாதத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாகக் குறையுங்கள். கடைசிச் சந்திப்பில் புதுத் தேர்வுத் தாளை அவனே விரித்துக் குறியிடட்டும். பேனாவை வாங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.