ஷீட்டின் கிரேடைச் சொல்வது யார்?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் விவசாயிகள் நிறுவனம். விவசாயிகளே பங்குதாரர்கள், அவர்களுக்குள் சிலரே இயக்குநர்கள். கம்பெனி செக்ரட்டரி என்ற முறையில் அதன் போர்டு கூட்டங்களில் உட்காருகிறேன். தொடர்ந்து மூன்று கூட்டங்களில் ஒரு விஷயம் பேசப்படாமலேயே போனது. அஜெண்டாவின் கடைசி வரி, ‘தலைவர் அனுமதிக்கும் இதர பொருள்கள்’. அந்த வரிக்கு வரும்போது மணி ஒன்றரை ஆகிவிடும், சாப்பாடும் வந்துவிடும். “அத அடுத்த கூட்டத்துல பார்ப்போம்” என்று யாராவது சொல்ல, எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

பேசப்படாத விஷயம் இதுதான். காய்ந்த ரப்பர் ஷீட் நாலாம் கிரேடா, ஐந்தாம் கிரேடா என்று சொல்ல மெஷின் கிடையாது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, பூஞ்சை, குமிழி, நிறம் எல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். நாலிலிருந்து ஐந்துக்குக் கிரேடு இறங்கினால் கிலோவுக்கு விலையும் இறங்கும். நம் மாவட்டத்துக்கோ தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. வருடத்தில் பல மாதங்கள் ஷீட் சரியாகக் காயாது. நாலா, ஐந்தா என்று சந்தேகத்துக்கு இடமான ஷீட்டுகள்தான் அப்போது அதிகம் வரும். அந்தச் சந்தேகம் யாருக்குச் சாதகமாகத் தீர்க்கப்படுகிறது என்பதுதான் சிறு விவசாயிகளின் மனக்குறை.

சட்டத்தில் இவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தில் இது போன்ற உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. தனிநபர்கள் மட்டும் உறுப்பினராக உள்ள நிறுவனத்தில், எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். பத்து ஏக்கர் தோட்டக்காரருக்கும் முப்பது சென்ட்காரருக்கும் ஒரே மதிப்பு. ஆனால் எந்த விஷயம் ஓட்டுக்கு வர வேண்டும் என்பதை அஜெண்டா எழுதுகிறவர் முடிவு செய்கிறார். நிறுவன அரசியல் என்றதும் கூட்டத்தில் சத்தம் போடுவதும், கட்சி பிரிவதும்தான் நம் நினைவுக்கு வருகிறது. என் அனுபவத்தில் அதிகம் கெடுப்பது சத்தமே இல்லாத அரசியல். ஒரு பொருளை மேசைக்கே வரவிடாமல் வைத்திருப்பதும் ஒரு முடிவுதான். கூட்டத்தில் நடந்ததைப் பதியும் மினிட்ஸ் புத்தகத்தில் அதற்குத் தடயம் இருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த நிறுவனத்தில் அதிக செல்வாக்கு தலைவருக்கு இல்லை, கொள்முதல் நிலையத்தில் ஷீட் பார்க்கிறவருக்குத்தான். அவர் இயக்குநர்கூட அல்ல. இது புரியாமல் நான் சில மாதம் தலைவரிடமே பேசிக்கொண்டிருந்தேன். பிரெஞ்சு சமூகவியலாளர் மிஷேல் குரோசியே அரசுப் புகையிலைத் தொழிற்சாலைகளை ஆராய்ந்து 1960-களில் எழுதியது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அங்கே மற்ற எல்லாமே விதிப்படி நடக்கும், மெஷின் எப்போது நிற்கும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் பராமரிப்புத் தொழிலாளர்கள் மட்டுமே. அதனால் மேற்பார்வையாளர்களே அவர்களிடம் தணிந்து போனார்கள். அந்த வேலை விவரம் எழுத்தில் எங்கும் இருந்துவிடாமல் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். குலசேகரத்திலும் அதே நிலைதான். நிச்சயமில்லாத ஒரே இடம் கிரேடு. அது ஒருவருடைய கண்ணில் மட்டும் இருந்தது, கொள்முதல் நோட்டும் அவர் வீட்டில் இருந்தது.

அவரை மோசக்காரர் என்று நான் சொல்லவில்லை. தெரிந்தவர் ஷீட் வந்தால் கை கொஞ்சம் இளகும், மனித இயல்பு அது. தனி ஆள் கையில் விட்டது நிறுவனத்தின் தவறு.

டிஜிட்டல் கையொப்பத்திலும் இதே கதைதான், பல நிறுவனங்களில் பார்க்கிறேன். இயக்குநர்களின் டோக்கன்கள், அதாவது கையொப்பம் உள்ள யு.எஸ்.பி. கருவிகள், எல்லாம் ரப்பர் பேண்டு போட்டு அலுவலக மேசை டிராயரில் கிடக்கும், பாஸ்வேர்டு ஒரு துண்டுச் சீட்டில். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்படி அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது கையொப்பக்காரரின் பொறுப்பு. உங்கள் பெயரில் தாக்கலாகும் படிவத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தயவுசெய்து டோக்கனை இன்றே வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். போர்டு கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பாக நோட்டீஸ் தர வேண்டும். அவசரமாகக் கூட்டினால் காரணத்தை எழுதிப் பதிய வேண்டும். நோட்டீஸ் வருவதற்கு முன்பே, உங்கள் விஷயத்தை அஜெண்டாவில் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டாலும் அது நாளைக்கு உதவும். அடுத்தது மினிட்ஸ். தீர்மானத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்த இயக்குநர்களின் பெயர் அதில் இருக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தின் பிரிவு 118 சொல்கிறது. கூட்டம் முடிந்து முப்பது நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று வழக்கம்போல எழுதிவிட்டால், பேசாமல் இருந்தவரும் சம்மதித்தவர்தான்.

நான்காவது கூட்டத்தில் கொள்முதல் முறையை அப்படியே தொடரலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. இரண்டு வருடமாக வாய் திறக்காத ஒரு பெண் இயக்குநர் எழுந்தார். “அண்ணாச்சி, எனக்கு இதுல சம்மதம் இல்ல. எம்பேர அப்படியே எழுதுங்க.” “என்னத்துக்கு அக்கா பெகளம்?” என்றார் ஒருவர். “பெகளம் இல்ல. ஷீட்டு எங்க முன்னாடி பார்க்கணும், அவ்வளவுதான்.” பக்கத்திலிருந்தவரும் தன் பெயரைச் சேர்க்கச் சொன்னார். தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஆனால் மினிட்ஸில் முதல் முறையாக எதிர்ப்பு என்று இரண்டு பெயர்கள் ஏறின. ஆடிட்டர் படிப்பார், கடன் தரும் வங்கியும் கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த நோட்டீஸில் கிரேடு விஷயம் இரண்டாவது பொருளாக வந்தது.

இப்போது கொண்டு வந்தவர் முன்னிலையில் இரண்டு பேர் ஷீட் பார்க்கிறார்கள். கிரேடு எழுதிய ரசீது கையில் கிடைக்கிறது. இரண்டாவது ஆள் மாதத்துக்கு ஒருவராக மாறுகிறார், உறுப்பினர்களுக்கும் ஷீட் பார்க்கப் பழக்கம் வரட்டும் என்பதற்காக. பழைய கொள்முதல் நோட்டுகள் இன்னும் அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை. வரும் கூட்டத்தின் அஜெண்டாவில் அது நாலாவது பொருள்.