தாழ்த்திய பிக்கப்புக்கு எத்தனை அங்குல ஷாக்?

அமெரிக்காவில் பழைய ஷெவர்லே சி10 பிக்கப்பை ஆசையாக வாங்குகிறவர்களில் பலர் முதலில் செய்வது, அதைத் தரையை ஒட்டி இறக்குவதுதான். முன்னால் நாலு அங்குலம், பின்னால் ஆறு அங்குலம் என்பது அங்கே சகஜமான கணக்கு. பார்க்க அழகாக இருக்கும். ஓட்டினால் இடுப்பு போய்விடும். உடனே ஷாக் அப்சார்பர் மேல் பழி விழும். பழைய அளவிலேயே, இன்னும் கொஞ்சம் கடினமானதாக ஒரு ஜோடி வாங்கி மாட்டுவார்கள். இடுப்பு இன்னும் சீக்கிரம் போகும்.

பள்ளத்தில் விழும் அடியை வாங்குவது உண்மையில் ஸ்பிரிங். வாங்கிய பிறகு அது சும்மா இருக்காது, மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவதே ஷாக்கின் வேலை. எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் சிறு துளைகள் கொண்ட ஒரு பிஸ்டன். வேகமாகத் தள்ளினால் எண்ணெய் துளைகளில் நெரிந்து பலமாக எதிர்க்கும். மெதுவாகத் தள்ளினால் வழிவிடும். ஆட்டத்தின் ஆற்றல் எண்ணெயில் சூடாகிக் காற்றில் கரைந்துவிடும். ஆனால் பிஸ்டன் ஓட இடம் இருக்கும் வரைதான் இதெல்லாம். குழாயின் அடியை அது தொட்டுவிட்டால் ஷாக் வெறும் இரும்புத் தடி.

1973 முதல் 1986 வரை வந்த சி10-இன் பின்பக்கத்தில், நம்மூர் வில்வண்டியில் இருந்ததைப் போல எஃகுப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் இருக்கிறது. ஆலையில் அச்சை அதன் அடியில் பொருத்துகிறார்கள். ஆறு அங்குலம் இறக்க, அச்சைக் கழற்றி ஸ்பிரிங்குக்கு மேலே உட்காரவைக்கிறார்கள். அச்சின் தடிமனும் பட்டை அடுக்கின் தடிமனும் சேர்ந்த அளவுக்கு வண்டி கீழே வரும். அச்சு மேலே போய் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் இடிக்காமல் இருக்க, அந்தச் சட்டத்தில் ஒரு பிறை வெட்டு. ஸ்பிரிங் அதேதான், அதன் விறைப்பும் அதேதான். மாறியது ஷாக்கின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள தூரம்.

ஒரு பேச்சுக்கு, ஆலையிலிருந்து வந்தபோது ஷாக்கின் மேல்முனை கீழ்முனையிலிருந்து 16 அங்குலம் உயரத்திலும் 10 அங்குலம் பக்கவாட்டிலும் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்துக் கர்ணம்தான்: ஷாக்கின் நீளம் சுமார் 18.9 அங்குலம். ஆறு அங்குலம் இறக்கியதும் உயரம் 10, பக்கவாட்டும் 10. நீளம் 14.1.

பழைய ஷாக் முழுக்கச் சுருங்கினால் 13 அங்குலம் என்று கொள்ளுங்கள். அச்சு மேலே வரும்போது, அது சட்டத்தில் மோதாமல் தடுக்கும் முட்டு ரப்பரைத் தொட இரண்டரை அங்குலம் இருக்கிறது. அந்த நிலையில் உயரம் 7.5, பக்கவாட்டு 10, கர்ணம் 12.5. பதின்மூன்றுக்குக் கீழே போகாத ஷாக் அதற்குள் எப்படி அடங்கும்? சக்கரம் 1.7 அங்குலம் ஏறும்போதே பிஸ்டன் அடியில் முட்டிவிடும். அடியை ரப்பர் வாங்க வேண்டியது; ஷாக்கின் அடிவால்வும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டும் வாங்குகின்றன. புது ஷாக் மூன்றே மாதத்தில் எண்ணெய் கசிய வேறு காரணம் தேட வேண்டாம்.

ஆகவே கடைக்குப் போகும் முன் டேப்பை எடுக்க வேண்டும். ஷாக்கின் இரு முனைகளுக்கும் இடையே, வண்டி சமதரையில் தன் சக்கரத்தில் நிற்கும்போது ஒரு அளவு. ரப்பர் தொட்டு, மேலும் ஓர் அங்குலம் நசுங்கினால் எவ்வளவு என்று இன்னொன்று: நம் கணக்கில் 11.9. சட்டத்தை ஜாக்கியில் தூக்கி அச்சைத் தொங்கவிட்டு மூன்றாவது: நான்கு அங்குலம் தொங்கினால் 17.2. சுருங்கினால் பதினொன்றரை, நீண்டால் பதினேழரை கொண்ட ஷாக் பொருந்தும். நீளம் போதாவிட்டால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஷாக்தான் அச்சைத் தொங்கப் பிடிக்கும். அதுவும் அதற்கான வேலை அல்ல.

சாய்வு இன்னொரு தொல்லை. இது கண்ணுக்குத் தெரியாமல் தின்னும். 45 பாகை சாய்ந்த ஷாக்கில், சக்கரம் ஓர் அங்குலம் ஏறினால் பிஸ்டன் 0.7 அங்குலம்தான் நகரும், அதனால் எதிர்ப்பு குறையும். குறைந்த அந்த எதிர்ப்பிலும் 0.7 பங்குதான் நேர் கீழாகச் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். இரண்டு முறை வெட்டு: கிடைப்பது பாதி. இறக்குவதற்கு முன் இதே ஷாக் 72 சதவீதம் தந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிற்று.

அப்படியென்றால் நிமிர்த்தி வைக்கலாமே? பக்கவாட்டை 4 அங்குலமாக்கினால் 86 சதவீதம் கிடைக்கும், ஆலைக் கணக்கைவிட மேல். ஆனால் ரப்பர் நசுங்கும் நிலையில் நீளம் 7.6 அங்குலத்துக்கு வந்துவிடும். பிஸ்டன், சீல், இருமுனை வளையங்கள் எல்லாம் போக அவ்வளவு குட்டி ஷாக்கில் ஓட்டத்துக்கு என்ன மிஞ்சும்? மேல்முனையையும் உயர்த்த வேண்டும், அங்கே சரக்குப் படுகையின் தளம் இருக்கிறது. சிலர் தளத்தையே வெட்டுகிறார்கள். நான் வெட்டமாட்டேன்; பக்கவாட்டை ஏழெட்டு அங்குலத்துக்குக் குறைத்து, கிடைத்ததோடு திருப்திப்படுவேன்.

முன்பக்கம் இவ்வளவு வம்பில்லை. சக்கர முளையை உயர்த்திய ஸ்பிண்டில் போட்டு இறக்கினால், சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கைகளின் கோணம் மாறாது, பழைய நீளமே போதும். ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி இறக்கினால்தான் குட்டை ஷாக் தேவை.

அப்புறம் வகை. இரட்டைக் குழாய் ஷாக்கில் வெளிக்குழாயில் எண்ணெய்க்கு மேலே காற்றோ குறைந்த அழுத்த வாயுவோ இருக்கும். ரொம்பச் சாய்த்தால் அது உள்ளே புகுந்து எண்ணெய் நுரைக்கும், நுரை எதிர்க்காது. ஒற்றைக் குழாயில் வாயுவும் எண்ணெயும் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரிந்திருப்பதால் எப்படிப் படுத்தாலும் கவலையில்லை. பிரெஞ்சுக்காரர் கிறிஸ்தியான் பூர்சியே தெ கார்போனின் யோசனை இது. 1950-களில் ஜெர்மனியின் பில்ஸ்டைன் அதைத் தொழிற்சாலை அளவில் செய்தது. வாயு அழுத்தம் 25 பார், தண்டின் விட்டம் 14 மில்லிமீட்டர் என்றால், ஒவ்வொரு ஷாக்கும் சும்மா நிற்கும்போதே ஏறக்குறைய 39 கிலோ விசையோடு தள்ளும். கஷ்டப்பட்டு இறக்கிய வெற்று வண்டி துளி மேலே ஏறினால் அதுதான் காரணம். வாயு அறை இடத்தை அடைப்பதால் அதே நீளத்தில் ஓட்டமும் பொதுவாகக் குறைவு. அந்த 45 பாகைக்கு நான் ஒற்றைக் குழாயைத்தான் எடுப்பேன்.

கடினம் எவ்வளவு என்பது கடைசிக் கேள்வி. ஸ்பிரிங் 44 சதவீதம் விறைத்தால் ஷாக் 20 சதவீதம் விறைத்தால் போதும்; கணக்கு வர்க்கமூலத்தில் ஓடுகிறது. நம் வண்டியில் ஸ்பிரிங் மாறவே இல்லை, சாய்வில் போனதை ஈடுகட்டினால் சரி. கடையில் இருப்பதிலேயே கடினமானதை மாட்டினால், விரியும் திசையில் ஷாக் இழுத்துப் பிடிக்கும். ஒரு மேட்டில் ஏறிய சக்கரம் திரும்பி இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். வண்டி படிப்படியாக அமுங்கி ரப்பரில் போய் உட்காரும். இரண்டரை அங்குலமே மிச்சமுள்ள வண்டிக்கு அது சீக்கிரமே நடக்கும்.

மாட்டியதும் தண்டு வெளியே தெரிகிற ஷாக் என்றால், அதில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைச் சுற்றிக் குழாயை ஒட்டி நிறுத்திவிட்டு, வழக்கமான மோசமான சாலையில் ஒரு சுற்று போய் வாருங்கள். குழாய் தள்ளித் தள்ளி, அதை எதுவரை கொண்டுபோனதோ அதுவரை ஷாக் சுருங்கியிருக்கிறது. தண்டின் கடைசி முனைக்கே போய் நசுங்கியிருந்தால், டேப்பை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.